மயில் மேன்டிஸ் இறாலுக்கு வீட்டில் தொட்டி அமைப்பது எப்படி?

சென்னையில் வசிப்பதாகவும், 90 செ.மீ. நீளமுள்ள 120 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று வீட்டில் காலியாக இருப்பதாகவும், கடைக்காரர் மயில் மேன்டிஸ் இறால் ஒன்றைத் தருவித்துக் கொடுக்க முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கண்ணாடியை உடைத்துவிடுமா, அதனுடன் இரண்டு கோமாளி மீன்களையும் சில பவளங்களையும் வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கண்ணாடியை உடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, அதையும் எளிதாகத் தவிர்த்துவிடலாம். மீன்கள் வேண்டாம், பவளங்கள் கண்டிப்பாக வேண்டாம். ஆனால் இந்த உயிரினத்தை வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. தொட்டிக்குள் அது எங்கே குடியிருக்கும் என்பதுதான் அந்தக் கேள்வி. நான் இதுவரை வளர்த்த நான்கில் இரண்டு என் தவற்றால் இறந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கண்ணாடியைத் தொட்டதில்லை. ஒன்று வெயிலாலும் மற்றொன்று நான் அதன் வளையைக் கிளறியதாலும் போயின.

பெயரில் இறால் என்று இருந்தாலும் இது நாம் சமைக்கும் இறாலின் நெருங்கிய உறவு இல்லை. முன்கால்களை மடித்து வைத்திருக்கும் விதம் கும்பிடுபூச்சியை நினைவூட்டுவதால் மேன்டிஸ் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. இவற்றில் சுமார் 450 இனங்கள் அறியப்பட்டுள்ளன. முன்கால் கதைபோல் பருத்து ஓடுகளை அடித்து நொறுக்குபவை ஒரு வகை, முன்கால் முள்ளீட்டிபோல் நீண்டு மீன்களைக் குத்திப் பிடிப்பவை மற்றொரு வகை. நீங்கள் விரும்பும் மயில் மேன்டிஸ் இறால், அதாவது ஓடோன்டோடாக்டைலஸ் ஸ்கில்லாரஸ், முதல் வகையைச் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக்கின் குவாம் தீவு வரை பரவியிருக்கும் இது 18 செ.மீ. வரை வளரும். பவளத்திட்டுகளின் ஓரத்தில், உடைந்த கற்களும் சிப்பிகளும் மணலும் கலந்து கிடக்கும் தரையில், பெரும்பாலும் 10 முதல் 40 மீட்டர் ஆழத்தில், இரு வாய்களுள்ள வளைவான வளை ஒன்றைத் தோண்டிக்கொண்டு வாழ்கிறது. தொட்டி அமைப்பைப் பற்றி நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு விவரத்திலிருந்து பிறப்பவையே.

கண்ணாடியைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அந்த அச்சம் ஆதாரமற்றது இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஷீலா பட்டேக், ராய் கால்ட்வெல் உள்ளிட்டோர் இதே மயில் இனத்தை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், அதன் கதைக்கால் நொடிக்கு 14 முதல் 23 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அடியின் விசையை அளந்தபோது அது 1,500 நியூட்டன் வரை சென்றது. அடி விழுந்த இடத்தில் உருவாகும் நீராவிக் குமிழ் மறுகணமே நசுங்குவதால் இரண்டாவதாக ஓர் அதிர்வும் இரையின் ஓட்டில் இறங்குகிறது. 1998-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரக் காட்சியகம் ஒன்றில் மயில் மேன்டிஸ் ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்த செய்தியைத்தான் எல்லோரும் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்த ஒரே செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதே அது எவ்வளவு அரிது என்பதைக் காட்டுகிறது. அகலமான கண்ணாடிப் பலகையை இரை என்று அது நினைப்பதில்லை. ஆபத்து உண்மையில் அடிப்பலகைக்குத்தான். வளை தோண்டும்போது மணலைக் கடந்து கீழே கண்ணாடி தட்டுப்பட்டால், வழியை அடைத்த கல்லாக அதைக் கருதி அடிக்கத் தொடங்கிவிடும். எனவே மணல் போடுவதற்கு முன் அடியில் முழு அளவுக்கு ஓர் அக்ரிலிக் தகட்டை விரித்துவிடுங்கள். உங்கள் தொட்டியின் கண்ணாடி 8 அல்லது 10 மி.மீ. தடிமன் என்றால் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 5 அல்லது 6 மி.மீ. என்றால் இந்த இனத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி வளைக்கு வருகிறேன். வளை இல்லாத மயில் மேன்டிஸ் தொட்டியின் மூலைகளில் இரவும் பகலும் அலைந்துகொண்டே இருக்கும். கடைகளில் வெறும் தொட்டியில் அப்படி அலைவதைப் பார்த்துவிட்டு, சுறுசுறுப்பான உயிர் என்று மகிழ்ந்து வாங்கி வருபவர்கள் உண்டு. அது சுறுசுறுப்பு இல்லை, வீடில்லாத தவிப்பு. மணலும் கற்களும் மட்டும் கொடுத்தால் தானே தோண்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நம் தொட்டியின் ஆழம் குறைவு, தோண்டிய சுவர் சரிந்து விழும், அது மீண்டும் மீண்டும் தோண்டிக் களைத்துப்போகும். ஆகவே பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி பைப்பில் ஒரு வளையைச் செய்து புதைத்துவிடுவதே நல்லது. விலங்கின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளமும், உள்ளே மடங்கித் திரும்பும் அளவுக்கு அகலமும் இருக்க வேண்டும். 12 செ.மீ. நீளமுள்ள விலங்குக்கு இரண்டு அங்குல பைப் சரியாக இருக்கும். அது உள்ளே தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்துத்தான் திரும்புகிறது என்பதால் பைப் சற்றே இறுக்கமாக இருந்தாலும் பயன்படுத்தாமல் விட்டுவிடும். இரு முனைகளிலும் 45 பாகை எல்போ ஒன்றைச் செருகி, நடுப்பகுதியை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் முன்கண்ணாடியை நோக்கியும் மற்றொன்று பின்புறக் கற்களுக்கு இடையிலும் மேலெழும்படி வையுங்கள். பைப் ஒட்டும் பசை வேண்டாம், இறுக்கிச் செருகினாலே போதும். வழவழப்பான உட்புறத்தில் அதன் கால்கள் வழுக்கும் என்பதால் முரட்டு உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

பைப்பை நெடுக இரண்டாகப் பிளந்து, திறந்த பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஆசைப்பட்டுச் செய்து பார்த்தேன். மூன்றே நாளில் அது கூழாங்கல் கூழாங்கல்லாகக் கொண்டுவந்து கண்ணாடிப் பக்கம் முழுவதையும் அடைத்துவிட்டது. அதன் கருத்தை அவ்வளவு தெளிவாக வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுமானப் பொருள் என்பது அதற்கு உணவுக்கு அடுத்த தேவை. இருட்டியதும் வளையின் வாயைக் கற்களால் அடைக்கும், காலையில் திறக்கும், பிடிக்காத கல்லைத் தூக்கித் தொட்டியின் மறுகோடியில் போட்டுவிட்டு வரும். இதற்காக நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை பலவிதமான துண்டுகள் இரண்டு கைப்பிடி அளவுக்கு மேலேயே கிடக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு மிகச் சிறந்த பொருள் சமையலறையிலேயே கிடைக்கிறது: மட்டியும் சிப்பியும் வேகவைத்துத் தின்ற பிறகு ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்துப் போட்டுவிடலாம். தரைக்கு முரடான சுண்ணாம்பு மணலை 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். பெரிய கற்கள் எதையும் மணலின் மேல் வைக்கக் கூடாது, முதலில் அக்ரிலிக் தகட்டின் மேல் கற்களை ஊன்றி, அதன் பிறகு மணலைக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது அடியில் தோண்ட, கல் சரிந்து அதையே நசுக்கும்.

கற்களைப் பற்றிப் பேசும்போது சட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாறை அமைக்கும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குரிய அதே பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே ராமேசுவரம் பக்கத்து லைவ் ராக் (உயிர்கள் ஒட்டி வாழும் பவளக்கல்) என்று யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்துண்டு என்றாலும் அப்படியே. சிமெண்டில் சிப்பித்தூள் கலந்து வார்த்த செயற்கைக் கற்கள் போதுமானவை. ஆனால் புதிய சிமெண்ட் தண்ணீரின் பிஎச்சைத் தாறுமாறாக உயர்த்தும் என்பதால், சில வாரங்கள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, பிஎச் அடங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். பவளங்கள் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னதற்குச் சட்டம் ஒரு காரணம். மற்றொரு காரணம், நீங்கள் பார்த்துப் பார்த்து வைக்கும் பவளத்தை அது வாசற்கதவுக்கான கல் என்றுதான் பார்க்கும்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதி செலவாக வேண்டிய இடம் சில்லர், அதாவது தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி. மயில் மேன்டிஸுக்கு 24 முதல் 26 பாகை செல்சியஸ் ஏற்றது, 28 வரை சமாளிக்கும். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் தொட்டி நீர் 31, 32 என்று நிற்கும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், அதே வேளையில் விலங்கின் தேவை கூடும். என்னிடம் இருந்த முதலாவது இப்படித்தான் போயிற்று. ஊருக்குப் போயிருந்த இரண்டு நாட்களில் மின்சாரம் நெடுநேரம் நின்றிருக்கிறது. திரும்பி வந்தபோது அது வளையை விட்டு வெளியே, மல்லாந்து கிடந்தது. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு, மூன்று பாகை குறையும் என்பது உண்மை, ஆனால் கடற்கரை நகரத்தின் புழுக்கத்தில் அந்த இரண்டு, மூன்றும் நிச்சயமில்லை. விசிறியால் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவியானால், உப்பு அப்படியே தங்கிவிடுவதால் 120 லிட்டர் தொட்டியின் உப்புத்தன்மை ஒரே நாளில் ஆயிரத்துக்கு 35-லிருந்து ஏறத்தாழ 36 ஆகிவிடும். குறைந்த தண்ணீரைத் தினமும் நல்ல தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். உங்கள் அளவுக்குப் பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர் போதும். அதோடு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஹீட்டர் நமக்குத் தேவையில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை வழக்கமான கடல்நீர்த் தொட்டிக்குரிய விதிகளே இதற்கும். டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அளவில் வைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓட்டுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைத்த பிறகே விலங்கை விட வேண்டும். இது அசைவ உணவுப் பிராணி, உண்டு எறிவதும் அதிகம் என்பதால், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் வாரம் ஒரு முறை 10 முதல் 15 விழுக்காடு தண்ணீர் மாற்றமும் அவசியம். நீங்கள் தனியே விசாரிக்க வேண்டியது செம்பைப் பற்றித்தான். கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றுவது வழக்கம். மீன் பிழைக்கும் அந்த அளவு, மேன்டிஸ் போன்ற ஓட்டுடலிகளைக் கொன்றுவிடும். தொட்டியின் மூலைகளில் உள்ள சிலிகானும் கற்களும் செம்பை உறிஞ்சி வைத்துப் பின்னர் சிறுகச் சிறுகக் கசியவிடும். காலியாக இருக்கும் உங்கள் தொட்டியில் இதற்கு முன் கடல்மீன் வளர்த்து மருந்து போட்டதுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போட்டிருந்தால், அல்லது அது பழைய தொட்டியாக வாங்கப்பட்டு வரலாறு தெரியாமல் இருந்தால், வேறு தொட்டி வாங்குவதே மலிவு. பித்தளைத் திருகு உள்ள பம்பையும் தவிர்த்துவிடுங்கள்.

விளக்கு குறைவாக இருக்கட்டும். இருபது மீட்டர் ஆழத்து மங்கிய நீல ஒளியில் வாழ்ந்ததை, பவளத்துக்கென்று செய்த கூசும் எல்ஈடியின் கீழ் வைப்பவர்களுக்கு ஓட்டுநோய் அடிக்கடி எதிர்ப்படுகிறது. முதுகோட்டில் முதலில் பழுப்பு நிறக் குழி ஒன்று தோன்றும், பிறகு கருத்துப் பரவும், அரித்ததுபோல் ஓடு குலையும். அழுக்கு நீரும் இதற்குத் துணைபோகும். நோய் மேலோட்டமாக இருந்தால் அடுத்த முறை ஓடு கழற்றும்போது நீங்கிவிடலாம். ஆழமாகப் போய்விட்டால் அந்த ஓடு கழற்றலிலேயே உயிர் போகும். மற்ற மேன்டிஸ் இனங்களைவிட மயில் இனத்திடம் இது அதிகம் என்பதால், சாதாரண வெள்ளை விளக்கு ஒன்றை எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும். அதன் நிறம் அப்படியும் அழகாகவே தெரியும்.

உடன் வாழும் உயிர்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம்மவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். கோமாளி மீன் ஒரு மாதம் பிழைத்திருப்பதைக் காட்டி, என்னிடம் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்கள் உண்டு. அது ஓடு கழற்றி எழுந்த பசியில் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். நத்தைகளும் துறவி நண்டுகளும் இருக்கலாம், ஆனால் அவற்றைக் குடித்தனக்காரர்களாகக் கணக்கில் எடுக்காதீர்கள், அவை சரக்கறையில் இருப்பவை.

வாரம் மூன்று முறை உணவு போதும். மட்டி, சிறு நண்டு, தோலுரிக்காத இறால், அவ்வப்போது உயிருள்ள நத்தை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். நத்தை போடும் நாளில் நாற்காலியைத் தொட்டி அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பைப்பின் வாயில் இரண்டு கண்கள் மட்டும் தெரியும், காம்பின் மேல் அமர்ந்து ஒன்று உங்களையும் மற்றொன்று நத்தையையும் தனித்தனியே பார்க்கும். ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஒரு பட்டை ஓடும். நிறங்களை உணர மட்டும் பன்னிரண்டு வகை ஒளியுணர்விகள் அங்கே இருக்கின்றன. பிறகு அது வெளியே வந்து நத்தையைச் சிறிய உணர்கொம்புகளால் தடவிப் பார்க்கும், தூக்கிப் புரட்டும், வாய்விளிம்பு தனக்கு நேராக வரும்படி கல்லோடு சாய்த்து வைக்கும். அதன் பிறகுதான் டக்கென்ற ஓசை, அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்கும் அளவுக்கு. பெரிய நத்தை என்றால் இருபது, முப்பது அடிகள்கூட விழும், நடுவே நிறுத்தி ஓட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு தொடரும். இறைச்சித் துண்டைக் கொடுக்கும்போது நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியைப் பயன்படுத்துங்கள். கையை ஒருபோதும் உள்ளே விட வேண்டாம். இவற்றைக் கட்டைவிரல் பிளப்பான் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைப்பது சும்மா இல்லை.

ஓடு கழற்றும் காலம்தான் பொறுமையைச் சோதிப்பது. வளர்ந்த விலங்கு சில மாதங்களுக்கு ஒரு முறை, திடீரென்று உணவை மறுத்து, இரு வாய்களையும் கெட்டியாக அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் எந்த அசைவும் இருக்காது. என் இரண்டாவது விலங்கு இப்படி மறைந்தபோது ஒன்பதாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. செத்து அழுகினால் தண்ணீர் கெடுமே என்று பைப்பைத் தூக்கினேன். உள்ளே அது உயிரோடுதான் இருந்தது, பழைய ஓடு பாதி கழன்ற நிலையில், உடல் கூழ்போல் மென்மையாக. இரண்டு நாளில் இறந்தது. அழுகல் சந்தேகம் வந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள், அது பூஜ்யத்தில் இருக்கும் வரை உள்ளே எல்லாம் நலம் என்று பொருள். புது ஓடு இறுகுமுன் அதன் அடி அதற்கே காயம் என்பதால் அதனால் சண்டையிட முடியாது. இருந்தும் முன்கால்களை விரித்து மிரட்டும். இன்னொரு மேன்டிஸ் இனத்தில் இந்தப் பொய் மிரட்டலை ஸ்டீகர், கால்ட்வெல் ஆகியோர் 1983-லேயே பதிவுசெய்திருக்கிறார்கள். பழைய ஓடு கண்ணும் கொம்புமாக முழு உருவில் வெளியே கிடப்பதைப் பார்த்து இறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த ஓட்டை எடுக்கவும் வேண்டாம், அது தானே கொறித்துத் தின்னும்.

இத்தனை செலவும் கவனமும் மலைப்பாக இருந்தால், கோனோடாக்டைலஸ் ஸ்மிதியி போன்ற சிறிய நொறுக்கும் இனத்தைக் கேட்டுப் பாருங்கள். எட்டு செ.மீ. அளவிலேயே நிற்கும், 50 லிட்டர் போதும், ஓட்டுநோயும் அவ்வளவாக வருவதில்லை, குணத்தில் எந்தக் குறையும் இல்லை. காசிமேட்டில் இழுவைப் படகுகள் கொட்டும் மேன்டிஸ் இறாலை வாங்கி வளர்க்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டார். அவை சேற்றில் ஆழமாக வளை தோண்டும் குத்தும் இனங்கள், வலையில் நசுங்கி உறுப்பிழந்து வருபவை. அவற்றை வளர்க்க முயல வேண்டாம்.

கடையில் வாங்கும்போது நெகிழிப் பையில் அல்லாமல் திருகு மூடி போட்ட ஜாடியில் தரச் சொல்லுங்கள், பையைக் கிழித்துவிடும். அடிபட்ட கண்ணும் இழந்த கதைக்காலும் பரவாயில்லை, கால் அடுத்தடுத்த ஓடு கழற்றல்களில் வளர்ந்துவிடும். முதுகில் கரும்புள்ளி இருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை ஒன்றரை மணி நேரம் சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டு, ஜாடியை பைப்பின் வாயருகே சாய்த்து வையுங்கள். முதல் மூன்று நாள் உணவு போட வேண்டாம். மறுநாள் காலையில் நீங்கள் பரப்பி வைத்த மட்டி ஓடுகளில் நான்கைந்து பைப்பின் வாயில் அடுக்கப்பட்டிருந்தால், அது குடிவந்துவிட்டது.